பழைய லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக: 'டூயல் பூட்' செய்வது எப்படி? டேட்டா போகாமல் காப்பது எப்படி?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. லேப்டாப் வழக்கம்போல ஆன் ஆகிறது, எல்லாம் வேலை செய்கிறது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க இனி யாரும் வரமாட்டார்கள். அந்த லேப்டாப்பில்தான் நெட் பேங்கிங், பிஎஃப் கணக்கு, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அப்போ விண்டோஸையே தூக்கிட்டு லினக்ஸ் போட்டுடலாமே" என்று சொல்வது சுலபம். கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் இருக்கும் குருபரப்பள்ளி சிப்காட் பக்கம் வேலை பார்ப்பவர்களிடமோ, வேலைக்குத் தயாராகும் டிப்ளமோ, ஐடிஐ மாணவர்களிடமோ அதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காரணம், இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவிக்கு புரோகிராம் எழுதும் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே ஓடும். குருபரப்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பிஎல்சிகளுக்கான 'டபிள்யூபிஎல்சாஃப்ட்' அப்படித்தான். சீமென்ஸின் 'டிஐஏ போர்ட்டல்' அப்படித்தான். ஆட்டோகேட், டேலி இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது.

விண்டோஸை விடவும் முடியாது, அதை வைத்துக்கொண்டு தைரியமாக இணையத்தில் உலாவவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழிதான் 'டூயல் பூட்'. ஒரே லேப்டாப்பில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொண்டு, ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுப்பது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

இல்லை. 2011 செப்டம்பர் 15-ம் தேதி, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து மாணவர்களுக்குக் கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் சில வரிகள் வந்து, எதற்குள் போக வேண்டும் என்று கேட்குமே, அதுதான் டூயல் பூட் மெனு. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் பெயர் தெரியாமலேயே அதைத் தினமும் பார்த்தார்கள்.

அதில் இருந்த லினக்ஸின் பெயர் 'பாஸ்'. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. டெபியன் என்ற புகழ்பெற்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கக்கூடியது. பக்கத்தில் இருந்த விண்டோஸோ 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்'. டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற விடாத பதிப்பு அது. அப்படியிருந்தும் பாஸ் பக்கம் போனவர்கள் குறைவு. பாடமும் கடையும் நண்பர்களும் விண்டோஸில் இருக்கும்போது, சொல்லித் தர ஆளில்லாத இன்னொன்றை எந்த மாணவன் தொடுவான்? அண்டை மாநிலமான கேரளா, பள்ளிக் கணினிகளில் லினக்ஸை வைத்ததோடு நிற்காமல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து, பாடத்தையும் அதிலேயே நடத்தியது. வித்தியாசம் அங்கேதான் இருந்தது.

இப்போது நிலைமை திரும்பியிருக்கிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், 8.1-க்கானது 2023 ஜனவரியிலும் முடிந்துபோனது. அந்தக் காலத்து அரசு லேப்டாப் இன்னும் வீட்டில் இருந்தால், அதில் இன்றைக்கு அப்டேட் கிடைக்கக்கூடிய ஒரே இயங்குதளக் குடும்பம் லினக்ஸ்தான்.

நேராக விண்டோஸ் 11-க்குப் போக முடியாதா?

லேப்டாப் அனுமதித்தால் போகலாம். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், செக்யூர் பூட் வசதி, இன்டெல் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை பிராசஸர் அல்லது அதற்குப் பிந்தையது ஆகியவை வேண்டும். தோராயமாக, 2018-க்கு முன் வாங்கிய லேப்டாப் என்றால் வாய்ப்பு குறைவு. இந்தச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டுத் தரும் கடைகள் உண்டு. அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் தர முடியாது என மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது.

விண்டோஸ் 10-லேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்றால், 'இஎஸ்யு' என்ற கூடுதல் அப்டேட் திட்டம் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. அது மூச்சு வாங்கிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் மட்டுமே.

உங்களுக்கு டூயல் பூட் தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. பிரவுசர், யூடியூப், வேர்டு, எக்செல் மட்டும்தான் என்றால் லினக்ஸ் ஒன்றே போதும். லினக்ஸோடு வரும் லிப்ரே ஆபீஸ் அந்த வேலையைச் செய்துவிடும். லினக்ஸைச் சும்மா பார்க்க வேண்டும் என்றால் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்டு டிஸ்க்கைத் தொட வேண்டியதே இல்லை. 16 ஜிபி ரேம் கொண்ட புது லேப்டாப் இருந்தால், 'வெர்ச்சுவல் மெஷின்' என்ற முறையில் விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸை ஒரு ஜன்னலில் திறந்துவைக்கலாம்.

இதையே திருப்பிப் போட்டு, லினக்ஸுக்குள் வெர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் வைத்து பிஎல்சி வேலை பார்க்கலாமே என்று கேட்கலாம். முடியும். ஆனால் 4 ஜிபி ரேமில் இரண்டு இயங்குதளங்களும் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டுமே தள்ளாடும். தவிர, பிஎல்சியோடு இணைக்கும் யுஎஸ்பி - சீரியல் கேபிள், மென்பொருள் லைசென்ஸுக்கான டாங்கிள் எல்லாம் வெர்ச்சுவல் மெஷினுக்குள் சில நேரம் சரியாகப் பிடிபடாது. ஷிஃப்ட் நடுவில், லைன் நின்றிருக்கும்போது அந்தத் தலைவலி யாருக்கும் வேண்டாம். டூயல் பூட்டில் அந்தந்த நேரத்தில் ஒரு இயங்குதளம் மட்டுமே ஓடும். முழு ரேமும் அதற்கே கிடைக்கும்.

அதனால் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒத்துவரும் ஏற்பாடு இதுதான்: விண்டோஸை பிஎல்சி, கேட், டேலி போன்ற வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது, முடிந்தவரை அதில் இணையத்தை இணைக்காமல் இருப்பது. வங்கி, மெயில், விண்ணப்பம், படிப்பு எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிடுவது. இரண்டையும் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் பேங்கிங்கை மறுபடி பழைய விண்டோஸிலேயே செய்தால், இத்தனை பாடும் எதற்கு?

ஒரு எச்சரிக்கை. கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் இதைச் செய்யவே கூடாது. அந்த டிஸ்க் உங்களுடையது இல்லை. ஐடி பிரிவின் அனுமதி இல்லாமல் கை வைத்தால் வேலைக்கே பிரச்னை வரலாம்.

முதல் வேலை: பேக்கப்

டூயல் பூட் என்றால், ஒரே ஹார்டு டிஸ்க்கில் சுவர் எழுப்பி இரண்டு வீடாகப் பிரிப்பது. குடித்தனம் நடக்கும் வீட்டில் சுவர் வைக்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சிக்கலில்லாமல் முடிந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த மீதிப் பத்தில் மாட்டினால் போவது கல்யாண போட்டோ, புராஜெக்ட், பிஎல்சி புரோகிராம் எல்லாம்தான். கரண்ட் போய், பழைய பேட்டரியும் கைவிட்டால் போதும்.

எனவே முக்கியமான எல்லாவற்றையும் வேறொரு ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுங்கள். அதே லேப்டாப்பின் 'டி டிரைவில்' போட்டுவைப்பது பேக்கப் ஆகாது. இரண்டும் ஒரே டிஸ்க். காப்பி எடுத்த பிறகு, வேறு கணினியில் இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பிஎல்சி, கேட் மென்பொருள்களின் இன்ஸ்டாலர், லைசென்ஸ் எண்ணையும் தனியாக எழுதிவையுங்கள்.

சர்வீஸ் கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டே கொடுங்கள். "ஃபார்மேட் பண்ணிடலாமா?" என்று கடையில் கேட்கும்போது, அது விண்டோஸ் இருக்கும் சி டிரைவை மட்டுமா, முழு டிஸ்க்கையுமா என்று திருப்பிக் கேளுங்கள். கேட்காமல் தலையாட்டியதால் மொத்தத்தையும் இழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை. பத்து வருடம் ஓடிய ஹார்டு டிஸ்க், பிரிக்கும் வேலையின்போதே படுத்துவிடலாம். 'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று காட்டும். மஞ்சளோ சிவப்போ காட்டினால் பிரிக்க முயலாதீர்கள், டிஸ்க்கை மாற்றுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் பழைய லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம். எந்த இயங்குதளம் போட்டாலும் வேகத்தில் வித்தியாசம் தெரியும்.

விண்டோஸில் சரிபார்க்க வேண்டியவை

பிட்லாக்கர்: டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி. புதிய லேப்டாப்களில் விண்டோஸ் 11 அமைக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், கேட்காமலேயே இது ஆன் ஆகிவிடுவது உண்டு. ஹோம் பதிப்பிலும்தான். பயாஸ் அமைப்பை மாற்றியதும் அல்லது லினக்ஸ் போட்டதும், விண்டோஸ் திடீரென 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்கும். அது இல்லை என்றால் உள்ளே இருப்பது எதுவும் திரும்பக் கிடைக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையதளத்தில் நுழைந்து அந்த எண்ணை எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். பிறகு செட்டிங்ஸில் என்கிரிப்ஷனை ஆஃப் செய்துவிட்டு, அது முழுமையாக முடியும்வரை காத்திருங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்: இது ஆனில் இருந்தால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால், திறக்காது அல்லது படிக்க மட்டும் விடும். வற்புறுத்தி எழுதினால் ஃபைல்கள் கெடலாம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் இதை ஆஃப் செய்யுங்கள்.

பயாஸ் முறை: ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால், 'பயாஸ் மோட்' என்ற வரியில் 'லெகஸி' அல்லது 'யுஇஎஃப்ஐ' என்று இருக்கும். விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ, லினக்ஸையும் அதே முறையில் போட வேண்டும். ஒன்று பழைய முறை, மற்றொன்று புது முறை என்று கலந்தால் மெனுவில் ஒன்றுக்கொன்று கண்ணில் படாது.

ஆரம்ப கால அரசு லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பழைய லெகஸி முறையில் ஒரு டிஸ்க்கில் முதன்மைப் பகுதிகள் நான்குதான் இருக்க முடியும். நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், காலி இடம் இருந்தாலும் ஐந்தாவது பகுதியை உருவாக்க முடியாது. அப்போது, காப்பி எடுத்துவிட்டு, பழைய லினக்ஸ் இருந்த பகுதியையோ பயன்படாத ஒரு டிரைவையோ நீக்கினால் வழி பிறக்கும். கம்பெனி கொடுத்த 'ரெகவரி' பகுதியை மட்டும் அவசரப்பட்டு நீக்காதீர்கள்.

இடம் ஒதுக்குவது

இந்த வேலையை விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' கருவியிலேயே செய்வது நல்லது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் அது வரும். சி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்து, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எம்பி கணக்கில் எழுத வேண்டும். 50 ஜிபிக்கு 51200. குறைத்ததும் கறுப்புப் பட்டையோடு 'அன்அலக்கேட்டட்' என்று ஒரு காலி இடம் தோன்றும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் புது டிரைவ் உருவாக்கிவிடாதீர்கள்.

லினக்ஸ் மின்ட் போன்றவற்றுக்குக் குறைந்தபட்சம் 20 ஜிபி, வசதியாக இருக்க 100 ஜிபி என்று அதை உருவாக்குபவர்கள் சொல்கிறார்கள். 50, 60 ஜிபி கொடுத்தால் தினசரி வேலைக்குத் தாராளம். சில சமயம் 100 ஜிபி காலியாக இருந்தும், 10 ஜிபிதான் குறைக்க முடியும் என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். நகர்த்த முடியாத சில சிஸ்டம் ஃபைல்கள் டிரைவின் கடைசியில் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயன்றால் பெரும்பாலும் இறங்கிவரும்.

எந்த லினக்ஸ்?

பட்டியல் போட்டால் முடிவில்லாமல் போகும். விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் சட்டெனப் பிடிபடும். ஸ்டார்ட் மெனு இடது மூலையில், டாஸ்க்பார் கீழே. 4 ஜிபி ரேம் என்றால் அதில் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பை எடுங்கள். தொடக்க ஆண்டு அரசு லேப்டாப்கள் போல 2 ஜிபி ரேம்தான் என்றால் லூபுண்டு போன்ற இலகுவானது வேண்டும். அதிலும் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் திணறும். இது லினக்ஸின் குறை அல்ல, இன்றைய இணையதளங்களின் எடை. ரேமைக் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள். பாஸ் லினக்ஸின் புதிய பதிப்புகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

தமிழில் தட்டச்சு செய்ய, தமிழ்99 உட்பட விசைப்பலகைகள் லினக்ஸில் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இந்த எல்லைப் பகுதியில், மூன்று மொழி விசைப்பலகைகளையும் சேர்த்துவைத்து ஒரு ஷார்ட்கட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுத்த லினக்ஸை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்தையே ஹேக் செய்து, சில மணி நேரம் போலியான பதிப்பை டவுன்லோடு செய்ய வைத்த சம்பவம் நடந்திருக்கிறது. டவுன்லோடு பக்கத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். பிறகு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் 'ரூஃபஸ்' அல்லது 'பலேனா எட்சர்' மூலம் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்ஸ்டால் செய்யும்போது

பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்து, பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவா, டெல், ஏசரில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9. லினக்ஸ் நேராக பென் டிரைவிலிருந்தே திறக்கும். உடனே இன்ஸ்டால் பட்டனை அழுத்தாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர், டச்பேட், கேமரா வேலை செய்கிறதா என்று அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கவில்லை என்றால், மொபைலை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங் கொடுத்து டிரைவரை இறக்கலாம்.

எல்லாம் சரி என்றால் சார்ஜரைச் செருகிக்கொண்டு இன்ஸ்டாலரைத் திறங்கள். மொழி, விசைப்பலகை எல்லாம் சாதாரணக் கேள்விகள். மொத்த வேலையிலும் ஆபத்தான கேள்வி ஒன்றுதான். எங்கே இன்ஸ்டால் செய்வது என்று கேட்கும் திரை. 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்ற பொருளில் ஒரு தேர்வும், 'முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு நிறுவு' என்ற பொருளில் இன்னொன்றும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாவதைத் தொட்டுவிட்டு 'ஓகே' கொடுத்தால் விண்டோஸ், ஃபைல்கள் எல்லாம் போச்சு. நிதானமாகப் படித்து முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

முதலாவது தேர்வே வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் இருப்பதை இன்ஸ்டாலர் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பென் டிரைவ் தவறான பயாஸ் முறையில் திறந்திருக்கும். டிஸ்க்கே தெரியவில்லை என்றால், அது புதிய இன்டெல் லேப்டாப்களில் வரும் சிக்கல். பயாஸில் சேமிப்பக அமைப்பு 'ரெய்டு' அல்லது 'விஎம்டி' என்று இருக்கும். அதை 'ஏஹெச்சிஐ' என்று மாற்றச் சொல்லி பல வீடியோக்கள் உண்டு. விண்டோஸைத் தயார் செய்யாமல் மாற்றினால் நீலத் திரையோடு விண்டோஸ் நின்றுவிடும். முதலில் விண்டோஸை 'சேஃப் மோட்'-ல் திறக்கும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்த பின் பழையபடி ஆக்குவதுதான் முறை.

இரண்டையும் புதிதாகப் போடுவதாக இருந்தால் விண்டோஸ் முதலில், லினக்ஸ் அடுத்து. பிந்தி வரும் லினக்ஸ், விண்டோஸையும் தன் மெனுவில் சேர்த்துக்கொள்ளும். விண்டோஸுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

முடிந்த பிறகு வரும் குழப்பங்கள்

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மதர்போர்டு பேட்டரியை மாற்றியவர்கள்கூட உண்டு. உண்மைக் காரணம்: லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் கணினியின் உள் கடிகாரத்தில் எழுதிவைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொள்ளும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் சரியாக அதே அளவு பிசகும். லினக்ஸை உள்ளூர் நேரம் பயன்படுத்தச் சொல்லும் ஒரு வரிக் கட்டளை போதும்.

மெனு வராமல் நேராக விண்டோஸே திறக்கிறதா? லினக்ஸ் அழிந்துவிடவில்லை. பயாஸில் பூட் வரிசையில் விண்டோஸ் முன்னால் வந்திருக்கும், மாற்றிவிடுங்கள். மெனுவில் லினக்ஸ் மட்டும் இருந்து விண்டோஸைக் காணவில்லை என்றாலும் பதற வேண்டாம். சில லினக்ஸ்களில் மற்ற இயங்குதளங்களைத் தேடும் வசதி ஆஃபில் இருக்கும். எஃப்12 மெனுவில் விண்டோஸ் இருக்கும். லினக்ஸில் அந்தத் தேடும் வசதியை ஆன் செய்து மெனுவைப் புதுப்பித்தால் சேர்ந்துகொள்ளும்.

நீங்கள் எதுவுமே செய்யாமலும் சிக்கல் வரலாம். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, உபுண்டு, மின்ட், டெபியன் உள்ளிட்ட லினக்ஸ்களோடு டூயல் பூட்டில் இருந்த பல கணினிகளில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கணினி அணைந்துவிடும். டூயல் பூட் கணினிகளில் அந்தப் பகுதி செயல்படாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும் இது நடந்தது. செக்யூர் பூட்டை ஆஃப் செய்து சமாளிக்க வேண்டியிருந்தது, முழுத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. ஒரே வாசலை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் இப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே இதில் இறங்க வேண்டும். லினக்ஸ் எழுதிய பென் டிரைவை அழிக்காமல் மேஜையில் வைத்திருங்கள். இப்படியான நாளில் அதைப் போட்டுத் திறந்து ஃபைல்களையாவது எடுத்துவிடலாம்.

இரண்டுக்கும் பொதுவான ஃபைல்கள்

லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் இருக்கும் படங்கள், பிடிஎஃப் எல்லாவற்றையும் திறக்கலாம். விண்டோஸால் லினக்ஸ் பகுதியைச் சாதாரணமாகப் படிக்க முடியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பகுதி பெயரில்லாமல் தெரியும், சில நேரம் "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்றும் கேட்கும். 'கேன்சல்' கொடுங்கள். இரண்டிலும் தேவைப்படும் ஃபைல்களுக்கு டி டிரைவைப் பொது அறையாக வைத்துக்கொள்ளலாம். ஆலையில் பல கணினிகளில் செருகிய பென் டிரைவை லினக்ஸில் திறந்து பார்த்து, தேவையானதை மட்டும் டி டிரைவுக்கு மாற்றுவது நல்ல பழக்கம். விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் லினக்ஸில் தானாக ஓடாது. ஆனால் அந்த ஃபைலை விண்டோஸில் திறந்தால் அது தன் வேலையைக் காட்டும்.

வேண்டாம் என்றால் எடுப்பது எப்படி?

லினக்ஸ் பகுதியை விண்டோஸிலிருந்து நேராக டெலீட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அடுத்த நிமிடம் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரையில் லேப்டாப் நிற்கும். மெனுவை நடத்திய கிரப் என்ற நிரல் தன் மீதிப் பாகத்தை லினக்ஸ் பகுதியில்தான் வைத்திருந்தது, அதைத்தான் நாம் அழித்துவிட்டோம்.

யுஇஎஃப்ஐ லேப்டாப்பில், முதலில் பயாஸுக்குப் போய் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை வரிசையில் முதலாவதாக வையுங்கள். மெனு இல்லாமல் விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அதன் பிறகு லினக்ஸ் பகுதியை நீக்குங்கள். பழைய லெகஸி லேப்டாப் என்றால், நீக்கும் முன்பே விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவ் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள 'ரிப்பேர்' பகுதியில் விண்டோஸின் பூட் நிரலை மறுபடி எழுதிவிடலாம்.

2025-26 பட்ஜெட்டில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப் அல்லது லேப்டாப் வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அப்படிக் கையில் வரும் புது லேப்டாப்பில், முதல் நாளே சுவர் எழுப்பத் தேவையில்லை. விண்டோஸ் 11-க்கு அப்டேட் வந்துகொண்டிருக்கிறது. லினக்ஸ் பழக வேண்டுமானால் வெர்ச்சுவல் மெஷினிலோ பென் டிரைவிலோ தொடங்கலாம். புது லேப்டாப் வந்த வீட்டில் பழையது மூலையில் கிடக்கும், டூயல் பூட்டை முதலில் செய்து பார்க்க ஏற்ற லேப்டாப் அதுதான்.